கோதைநாயகியின் வெந்நீர்

ஸ்ரீரங்கம் மேலச் சித்திரை வீதியில் நின்றுகொண்டு கோதைநாயகி வீடு எது என்று கேட்டால் பாதிப் பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். 'ரிசர்வேஷன் மாமி' வீடு என்று கேளுங்கள், போகிற வேலையை விட்டுவிட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள். திருச்சி ஜங்ஷன் ரிசர்வேஷன் கவுண்டரிலேயே உத்தியோகத்தை ஆரம்பித்து அங்கேயே முடித்தவள் அவள். காசிக்குப் போகிறவர்கள், கல்யாணத்துக்குப் போகிறவர்கள், சண்டை போட்டுக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போகிறவர்கள் என்று எல்லாரையும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தாயிற்று. முழங்கால் வலிக்காரி ஒருத்திக்கு மேல் பெர்த் விழுந்துவிட்டால் கோதைநாயகிக்கே முழங்கால் வலிக்கும்.

இப்படி ஊரையெல்லாம் உட்காரவைத்து அனுப்பியவளுக்குத் தன் வீட்டுக் குளியலறையில் மட்டும் என்றைக்கும் வெயிட்டிங் லிஸ்ட்தான். மிகைப்படுத்திச் சொல்வதாக நினைப்பவர்கள் தங்கள் வீட்டில் அம்மா எப்போது குளிக்கிறாள் என்று ஒருநாள் கவனித்துவிட்டு வந்து பேசட்டும்.

கல்யாணமாகி வந்த புதிதில் வீட்டில் செப்புத் தவலையும் விறகடுப்பும் இருந்தன. மாமனார், மாமியார், மைத்துனர்கள், நாத்தனார்கள் என்று எல்லாரும் மொண்டுகொண்டு போனபிறகு தவலையின் அடியில் தங்குவதை வெந்நீர் என்று சொன்னால் வெந்நீருக்கே கோபம் வரும். பிறகு பாய்லர் வந்தது. அப்புறம் பக்கெட்டுக்குள் போடும் கம்பி. அதற்கும் அப்புறம் சுவரில் ஒரு கீசர். சாமான்கள்தான் மாறின, குளிக்கிற வரிசை மாறவில்லை.

அதிலும் தீபாவளியன்று கேட்கவே வேண்டாம். விடியுமுன் எழுந்து, எல்லார் தலையிலும் எண்ணெய் வைத்து, சீயக்காய் கரைத்து, ஒவ்வொருவராகக் குளிக்கத் துரத்திவிட்டு, நடுநடுவே வடைக்கு அரைத்து, கடைசியில் தன் தலையிலும் எண்ணெய் வைத்துக்கொண்டு உள்ளே போவாள். குழாயைத் திறந்தால் பச்சைத் தண்ணீர் கொட்டும். எண்ணெய் ஊறிய தலையில் பச்சைத் தண்ணீரை விட்டால் பிசுக்கு போகுமா? போகாது. அந்தப் பிசுக்குத் தலையோடுதான் புதுப்புடவையைக் கட்டிக்கொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் பட்சணம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பாள். யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. யாருக்கும் தோன்றியதும் இல்லை, அதுதான் விஷயம்.

ஆகவே ரிடையர் ஆனபோது, "இனிமே என்ன பண்ணப்போறேள்?" என்று கேட்டவர்களிடம் கோதைநாயகி பத்ரிநாத் என்றோ பேரன் பேத்தி என்றோ சொல்லவில்லை. வீடு நிறைய ஜனங்கள் இருக்கிற ஒரு தீபாவளியன்று, தலைமுழுகி முடிக்கிறவரை சூடு குறையாத வெந்நீரில் தான் குளிக்க வேண்டும் என்றாள். கேட்டவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

தென்னூரில் ஒரு ஆபீஸ் தோழியின் கிரகப்பிரவேசத்துக்குப் போனபோதுதான் அந்த யந்திரத்தைப் பார்த்தாள். மொட்டைமாடியில் ஒரு பெரிய மின்விசிறிப் பெட்டி, பக்கத்திலேயே ஆள் உயரத்துக்கு ஒரு டேங்க். ஹீட் பம்ப் என்றார்கள். வந்த விருந்தாளிகள் அத்தனை பேரும் அதில் வந்த வெந்நீரில்தான் குளித்தார்களாம். கோதைநாயகி சாப்பாட்டுப் பந்தியைக்கூட மறந்துவிட்டு அதை மாட்டிக்கொடுத்த ஆள் யார் என்று விசாரித்தாள். அதே தெருக்கோடியில் கடை வைத்திருக்கும் ஹனீஃபா என்று தெரிந்ததும் நேரே அங்கே போய் நின்றாள்.

மறுவாரமே ஹனீஃபா டேங்கும் பெட்டியுமாக மேலச் சித்திரை வீதியில் வந்து இறங்கினார். அங்கே அவருக்கு வாய்த்த முதல் சோதனை கோதைநாயகியின் கணவர் ஸ்ரீனிவாசராகவன். ஒரு கல்லூரி ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்றவர், பரம சாது, ஆனால் சுவிட்ச் விஷயத்தில் மட்டும் சிங்கம். ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் அவருக்கு நெஞ்சு எரியும்.

"காத்துலேர்ந்து வெந்நீர் வருமாமா? நன்னா இருக்கே கதை!" என்றார் அவர்.

ஹனீஃபா பொறுமையாகச் சொன்னார். "சார், ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி கை வெச்சுப் பாத்திருக்கீங்களா? சுடும்ல? உள்ள இருக்கிற சூட்ட எடுத்து வெளிய தள்ளுது. இது அதையே திருப்பிப் போட்டு வேலை பாக்குது. வெளிக்காத்துல இருக்கிற சூட்ட உறிஞ்சி டேங்க் தண்ணிக்குள்ள தள்ளுது, அவ்வளவுதாங்க. நம்ம திருச்சியில சூட்டுக்கா பஞ்சம்? சும்மா கெடக்குற வெயிலு. நாம எடுத்துக்கிட்டா யாரு கேக்கப் போறா?"

"சூட்டை எடுத்துண்டா காத்து என்ன ஆகும்?"

"ஜில்லுனு வெளிய போகும் சார். மேல வந்து நின்னு பாருங்க, ஊட்டிதான்."

பிறகு கோதைநாயகியின் பக்கம் திரும்பி, கல்யாணப் பெண்ணைக் கையில் ஒப்படைக்கிற மாதிரி ஒப்படைத்தார். "மாமி, ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க. கீசர் மாதிரி குளிக்கப் போறப்ப போட்டு, குளிச்சதும் அணைக்கிற சாமான் இல்லைங்க இது. நிதானமாத்தான் சூடேத்தும். ஏத்துன சூட்ட மறுநாள் வரைக்கும் டேங்க்ல பத்திரமா வெச்சிருக்கும். மத்தியான வெயில்ல ஓடுனா கரண்டும் கம்மியாப் புடிக்கும், அதுக்குத்தான் டைமர மத்தியானத்துக்கு வெச்சிருக்கேன். அது தானா ஓடும், தானா நிக்கும். சுவிட்ச மட்டும் யாரும் தொடவே கூடாது."

சொன்னவர் ஒரு காரியம் செய்தார். பழைய கீசரைக் கழற்றிவிட்டு, அதன் சுவிட்சிலிருந்தே மாடிக்கு வயர் இழுத்தார். குளியலறை வாசலில் விளக்கு சுவிட்சுக்குப் பக்கத்தில் இத்தனை வருஷமாக இருந்த அதே சுவிட்ச். அவரைக் குற்றம் சொல்வதற்கில்லை. சுவரை இன்னொரு முறை உடைக்க வேண்டாமே என்ற நல்லெண்ணம்தான்.

நம் ஊரில் கீசர் சுவிட்சை அணைப்பது ஒரு பழக்கம் இல்லை, அது பிறவிக்குணம். பால் பொங்கினால் கை அடுப்புக்குப் போகிற மாதிரி, அந்தச் சிவப்பு விளக்கைப் பார்த்தால் கை தானாகப் போய்விடும். முதல் வாரம் ஸ்ரீனிவாசராகவன் தினமும் அணைத்தார். மத்தியானம் இரண்டாவது காபிக்கு எழுந்து போகும் வழியில் ஒரு தட்டு. "ஆத்துல யாருமே குளிக்கலை, கீசர் எதுக்கு ஓடிண்டிருக்கணும்?" என்று அவருக்கு நியாயம் வேறு.

"ஏன்னா, அது கீசர் இல்லை! ஹீட் பம்ப்!"

"எதுவா வேணா இருக்கட்டும். மண்டையைப் பிளக்கற வெயில்ல யாராவது வெந்நீர் போடுவாளோ?"

"வெயில் இருக்கறச்சேதான் போடணும். எத்தனை தடவை சொல்றது உங்களுக்கு? செவிடன் காதுல சங்கு ஊதின கதைதான்."

அவரை ஒரு வழியாக வழிக்குக் கொண்டுவந்தால், பக்கத்து வீட்டு ஆனந்தவள்ளி தயிருக்கு உறை வாங்க வந்தவள் போகிறபோது பெருமையோடு சொல்லிவிட்டுப் போனாள். "மாமி, கீசர் பாட்டுக்கு எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. நீங்க மறந்துட்டீங்க போல. நான்தான் அணைச்சுட்டு வந்தேன்!" உபகாரம் செய்தவளை என்ன சொல்லித் திட்டுவது? மும்பையில் வேலையாக இருந்த மகள் சுஜா போன் செய்தால் சௌக்கியமா என்று கேட்பதற்கு முன்னால், "அம்மா, கோவிலுக்குக் கிளம்பறச்சே கீசரை அணைச்சியோ?" என்று கேட்டாள். கடைசியில் கோதைநாயகி வெள்ளைப் பிளாஸ்திரியை எடுத்துக் குறுக்கும் நெடுக்குமாகச் சுவிட்சின் மேல் ஒட்டினாள். பார்க்க அடிபட்ட மூக்கு மாதிரி இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு யாரும் தொடவில்லை.

யந்திரத்தோடு அவளுக்கு ஒரு சிநேகமே உண்டாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தோறும் மாடிக்குப் போய், பெட்டியின் பின்பக்க வலையைக் கழற்றிக் குழாயடியில் அலசிக் காயவைப்பாள். உள்ளே இருக்கும் மெல்லிய தகடுகளைப் பழைய பெயின்ட் பிரஷ்ஷால் மேலிருந்து கீழாக, குழந்தைக்குத் தலை வாருகிற மாதிரி, வலிக்காமல் நீவிவிடுவாள். புறா இறகும் பூநாரும் அதில் சிக்காத வாரமே இல்லை. காற்று தாராளமாக வந்து போனால்தான் அதற்கு மூச்சு. அதனால் சுற்றிவர எந்தத் தட்டுமுட்டுச் சாமானையும் வைக்கவிட மாட்டாள். பெட்டிக்குக் கீழே ஒரு குழாயிலிருந்து தண்ணீர் சொட்டுவதைப் பார்த்துவிட்டு முதலில் பயந்துபோய் ஹனீஃபாவைக் கூப்பிட்டாள். ஒழுக்கில்லை, காற்றிலிருக்கும் ஈரம்தான் ஜில்லென்று ஆகிச் சொட்டுகிறது என்று அவர் சொன்னதும், அந்தக் குழாயை அப்படியே துளசிச் செடிப் பக்கம் திருப்பிவிட்டாள்.

டேங்குக்குள்ளே ஒரு கம்பி உண்டு என்றும், தண்ணீரிலுள்ள உப்பு டேங்கை அரிக்காமல் அந்தக் கம்பி தானே அரிபட்டுக் கரைந்து போகும் என்றும், முழுக்கக் கரைவதற்குள் புதிது போட வேண்டும் என்றும் ஒருநாள் ஹனீஃபா விளக்கினார். "தன்னக் குடுத்து டேங்கக் காப்பாத்துதுங்க மாமி."

"அடி அசடே, நீயும் என்னை மாதிரிதானா!" என்றாள் கோதைநாயகி, டேங்கைத் தட்டிக்கொடுத்து.

சித்திரை வெயிலில் அந்தப் பெட்டி விடுகிற குளிர்ந்த காற்றுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் அது ஒரு தனி சுகம். ஆனந்தவள்ளி தன் மல்லிகைப்பூக் கூடையோடு வந்து அங்கேதான் பூத் தொடுத்தாள். பூவும் வாடவில்லை, பேச்சும் வாடவில்லை. ஸ்ரீனிவாசராகவனேகூட ஒருநாள் பேப்பரை எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்து, கேட்காமலேயே, "பரவாயில்லை, நன்னாத்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டார். அவர் வாயிலிருந்து அது வருவதென்பது சாமானியமா?

வெந்நீரும் பேஷாக வந்தது. ஆனால் வீட்டில் இரண்டே பேர் இருக்கும்போது வருகிற வெந்நீரைக் கோதைநாயகி கணக்கில் சேர்க்கவில்லை. வீடு நிறைந்த தீபாவளிதான் பரீட்சை.

அந்தப் பரீட்சையும் லேசில் வரவில்லை, தலைதீபாவளியாக வந்தது. சுஜாவுக்கு ஆனியில்தான் கல்யாணம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை ஜனார்தன், அவன் அம்மா ரெங்கநாயகி, அப்பா எல்லாரும் மும்பையிலிருந்து வருகிறார்கள். பெங்களூரிலிருந்து மகன் தேசிக் வருகிறான். கல்யாணத்தில் ரெங்கநாயகி மாமி அதிகம் பேசாமல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். பேசுகிற சம்பந்தியைச் சமாளித்துவிடலாம், பார்க்கிற சம்பந்தியை என்ன செய்வது? சம்பந்திகளுக்கு வெந்நீர் இல்லாமல் போனால் அந்தப் பேச்சு பேரன் கல்யாணம்வரை ஓடும் என்று கோதைநாயகிக்குத் தெரியும். அவர்களுக்கும் குறை இருக்கக்கூடாது, தனக்கும் இந்த வருஷம் வெந்நீர் வேண்டும். இரண்டுக்கும் மாடியில் இருக்கும் யந்திரத்தைத்தான் நம்பியிருந்தாள்.

முந்தின நாள் காலையில் ஹனீஃபா வந்து எல்லாவற்றையும் துடைத்துப் பார்த்தார். ஐப்பசி மழை, காற்று ஈரம். ஆனாலும் பயமில்லை என்றார். "சாயங்காலம் வந்தவங்க எல்லாம் குளிச்சாங்கன்னா டேங்க் காலியாகும். அதுக்காக ராத்திரியும் ஓடுற மாதிரி டைமர மாத்தி வெச்சுட்டேன். காலையில எழுந்திரிக்கிறப்ப டேங்க் நிறைய கொதிக்கக் கொதிக்க இருக்கும். நிம்மதியாத் தூங்குங்க மாமி. தீபாவளி வாழ்த்துகள்!"

அவர் போனதும் கோதைநாயகி குளியலறைப் பக்கம் வந்தாள். சுவிட்சின் மேல் அழுக்கேறிய பிளாஸ்திரி. புது மாப்பிள்ளை வருகிற வீட்டில் இதென்ன கோலம் என்று அவளுக்குத் தோன்றியது. சர்ரென்று உரித்தெடுத்துவிட்டாள். வருகிறவர்கள் எல்லாரிடமும் வாயால் சொல்லிவிட்டால் போயிற்று!

அப்படியே சொல்லவும் செய்தாள். மாப்பிள்ளை செருப்பைக் கழற்றுவதற்குள், "மாப்பிள்ளே, அந்தச் சுவிட்சை மட்டும் தொட்டுடாதீங்கோ," என்றாள். தேசிக்கிடம் அதட்டிச் சொன்னாள். ஸ்ரீனிவாசராகவனைத் தனியே அழைத்துப் போய், "பெருமாள் மேல ஆணையா அந்தப் பக்கமே கையைக் கொண்டுபோகப்படாது," என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். மழையில் நனைந்து, ரயில் அழுக்கோடு வந்தவர்கள் ஒவ்வொருவராகக் குளித்தார்கள். ஆவி பறக்க வந்தது தண்ணீர். "அபாரம் மாமி! மும்பைல எங்காத்து கீசர்ல அரை பக்கெட்டுக்கு மேல வராது," என்றான் ஜனார்தன். கோதைநாயகிக்கு ஒரு சுற்று பெருத்துவிட்ட மாதிரி இருந்தது.

மறுநாள் விடிவதற்கு வெகுமுன்பே எழுந்தாள். கோலம் போட்டாள், விளக்கேற்றினாள், தீபாவளி லேகியத்தைப் பெருமாளுக்கு முன்னால் வைத்தாள், நல்லெண்ணெயை மிளகு போட்டுக் காய்ச்சினாள். பக்கத்துத் தெருவில் யாரோ அவசரக்காரர்கள் முதல் சரத்தைக் கொளுத்திவிட்டார்கள். யந்திரத்தை ஒரு கண் பார்த்துவிட்டு வரலாம் என்று மாடிக்குப் போனாள். ராத்திரியெல்லாம் ஓடிக் களைத்திருக்குமே என்று டேங்கைத் தடவிக்கொடுக்கத்தான் போனாள்.

பெட்டியின் சின்னத் திரையில் எண்கள் எதுவும் இல்லை. இருட்டாக இருந்தது. துளசிப் பக்கம் திருப்பிவிட்ட குழாயின் நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லை.

எப்படிப் படியிறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. குளியலறை வாசலில் சுவிட்ச் அணைந்து கிடந்தது.

"யாரு? யாரு அணைச்சா இதை?"

ரிசர்வேஷன் கவுண்டரில் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் கேட்கப் பழகின குரல். வீடு மொத்தமும் எழுந்து வந்துவிட்டது. ஸ்ரீனிவாசராகவன்தான் முதல் குற்றவாளி. "பெருமாள் சத்தியமா நான் இல்லைடி கோதை! நேத்திக்கு அந்தப் பக்கம் போறச்சே கையைப் பின்னால கட்டிண்டுன்னா போனேன்!" என்று அவர் பரிதாபமாகச் சொன்னார். தேசிக் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினான். சுஜா தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். மாப்பிள்ளையைக் கேட்க முடியாது, கேட்காமல் பார்த்தாள். அவன் பாவம், ஒன்றும் செய்யாமலே முழித்தான்.

அப்போதுதான் ரெங்கநாயகி மாமி வாயைத் திறந்தாள்.

"மாமி, தப்பா எடுத்துக்கப்படாது. நேத்திக்கு ராத்திரி எல்லாரும் படுத்துக்கப் போறச்சே நான் கை அலம்ப வந்தேன். நீங்கதான் பாத்ரூம் லைட்டை அணைச்சேள். அந்தக் கையோடயே பக்கத்துல இருந்ததையும் ஒரு தட்டு தட்டிட்டுப் போனேள். யாரும் தொடப்படாதுன்னேளா, சரி, நீங்க மட்டும்தான் தொடலாம் போலருக்கு, இந்தாத்து வழக்கம்னு நினைச்சுண்டேன்."

ஊருக்கெல்லாம் பலன் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்ததாம் என்பார்களே, அது சாட்சாத் இதுதான். கோதைநாயகி தன் வலது கையைப் பார்த்தாள். கீசர் வந்த நாளிலிருந்து, கடைசியாகக் குளித்துவிட்டு வெளியே வந்து, விளக்கையும் கீசரையும் ஒரே வீச்சில் அணைத்துப் பழகிய கை. வீட்டில் கடைசியாகக் குளிக்கிறவள் எவளோ அவள்தானே கீசரை அணைக்க வேண்டும்? அழுகை வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்ததில் அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேவிட்டாள்.

"பழக்கதோஷம்," என்றார் ஸ்ரீனிவாசராகவன், மெதுவாக. அவருக்கு இதைவிட நன்றாகச் சொல்லிக்காட்ட வாய்ப்பே கிடைக்காது. ஆனாலும் அவ்வளவோடு நிறுத்திக்கொண்டார். நல்ல மனுஷர்.

தேசிக் சுவிட்சைப் போட்டான். மாடியில் யந்திரம் உறுமிவிட்டு ஓட ஆரம்பித்தது. ஆனால் அது கீசர் இல்லையே! நிதானமாகத்தான் சூடேற்றும். எல்லாருக்கும் வெந்நீர் வேண்டுமென்றால் அதற்குள் பொழுது வெளுக்கத் தொடங்கிவிடும். இப்போதைக்கு என்ன இருக்கிறது என்று கோதைநாயகி குழாயைத் திறந்து பார்த்தாள். சுட்டது! நேற்று மத்தியானம் ஏறிய சூட்டில் மிச்சமிருந்தது டேங்கின் மேல்பாகத்தில் தங்கியிருந்தது. சூடான தண்ணீர் எப்போதும் மேலேதான் நிற்கும் என்று ஹனீஃபா சொல்லியிருந்தார். ஆனால் அது இரண்டு பேர் தலைமுழுகத்தான் காணும், அதற்கு மேல் காணாது.

இரண்டு பேர் என்றால் யார்? இதில் யோசிக்க என்ன இருக்கிறது? தலைதீபாவளி மாப்பிள்ளை, பெண். கோதைநாயகி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "மாப்பிள்ளே, வாங்கோ, மணையில உக்காருங்கோ. எண்ணெய் வெச்சுடறேன். நீங்களும் சுஜாவும் மொதல்ல குளிச்சுடுங்கோ. மத்தவாளுக்கு நான் அடுப்புல அண்டாவை வெச்சுடறேன்." சொல்லிக்கொண்டே அண்டாவை எடுக்கக் கிளம்பிவிட்டாள். அவளுக்கு இந்த வருஷமும் பச்சைத் தண்ணீர்தான். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை, வேறென்ன?

"மாமி, அண்டாவைக் கீழ வைங்கோ," என்றாள் ரெங்கநாயகி.

"இல்லை மாமி, ஒரு நிமிஷத்துல…"

"கீழ வைங்கோன்னேன். சுஜா எல்லாத்தையும் சொல்லியிருக்கா. எதுக்காக இதை வாங்கினேள்னு கல்யாணத்துக்கு முன்னாடியே எங்காத்துல எல்லாருக்கும் தெரியும். நேத்திக்கு ராத்திரி நீங்க கடைசியாக் குளிச்சுட்டு வந்ததையும் பாத்தேன். நான் மட்டும் என்ன? மும்பைல ஒரு பாத்ரூம், ஆறு பேர். இவாத்துக்கு வந்த நாளா நானும் தீபாவளிக்குப் பச்சைத் தண்ணியிலதான் தலைமுழுகறேன். இருக்கறது ரெண்டு பேருக்குன்னா, அந்த ரெண்டு பேர் நாமதான்."

சம்பந்தி மாமா தொண்டையைக் கனைத்தார். ரெங்கநாயகி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் கனைப்பை விழுங்கிவிட்டார்.

"மாப்பிள்ளைக்குத் தலைதீபாவளி மாமி! நன்னாவா இருக்கும்?" என்று கோதைநாயகி பதறினாள்.

"மாமி, நான் லோக்கல் டிரெயினுக்கு நின்னு வளந்தவன். காத்துண்டிருக்கறதுக்கு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்," என்றான் ஜனார்தன். "எண்ணெயை மட்டும் வெச்சு விடுங்கோ. ஊறட்டும், உடம்புக்கு நல்லது."

கோதைநாயகி எல்லாருக்கும் எண்ணெய் வைத்தாள். எண்ணெய் வழியும் தலைகளோடு, பழைய வேஷ்டியும் துண்டுமாக, மாப்பிள்ளை, பெண், பிள்ளை, சம்பந்தி மாமா, ஸ்ரீனிவாசராகவன் எல்லாரும் தண்ணீர் எப்போது சுடும் என்று பார்க்க மாடிக்குப் போனார்கள். ஐப்பசிக் குளிரில் அந்தப் பெட்டி விட்ட ஜில்காற்று அவர்கள் மேலேயே அடித்தது. "ஐயோ, இது வேறயா!" என்று சுஜா கத்துவதும், எல்லாரும் சிரிப்பதும், கீழே குளியலறைவரை கேட்டது.

ரெங்கநாயகி ஒரு கை எண்ணெயை எடுத்துக் கோதைநாயகியின் உச்சியில் வைத்துத் தேய்த்தாள். அம்மா போன பிறகு அவள் தலையில் வேறொருவர் எண்ணெய் வைப்பது இதுதான் முதல் தடவை. "நீங்க முன்னாடி போங்கோ, சம்பந்தி," என்று கோதைநாயகி கடைசி முயற்சியாகச் சொல்லிப் பார்த்தாள். அவளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினாள் ரெங்கநாயகி.

கோதைநாயகி முதல் சொம்பை விட்டுக்கொண்டாள். தலையில் இறங்கிய சூடு கழுத்து, தோள், முதுகு என்று அடிப்பாதம்வரை போயிற்று. சீயக்காயைத் தேய்த்தாள், நுரைத்தது. எண்ணெய் வழுக்கிக்கொண்டு ஓடியது. விரல்களுக்கு நடுவே முடி கிறீச்சென்று சத்தம் போட்டது. ஆகா! தன் முடி இப்படிச் சத்தம் போடும் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. இதோ ஆறப்போகிறது, இதோ ஆறப்போகிறது என்று ஒவ்வொரு சொம்புக்கும் பயந்தாள். ஆறவில்லை. சந்தோஷம் தாங்காமல் அழுதாள். வெந்நீரில் அது யாருக்குத் தெரியும்?

ஒரு பக்கெட் காலியானதும் கை தானாகக் குழாயை மூடப்போயிற்று.

"போறும்னு வந்துடாதீங்கோ!" என்று வெளியிலிருந்து ரெங்கநாயகியின் குரல். "இன்னொரு பக்கெட் பிடிச்சுக்கோங்கோ. எனக்கு இருக்கு!"

கோதைநாயகி பிடித்துக்கொண்டாள். அவசரப்படவே இல்லை. வடைக்கு ஊறவைத்த பருப்பு ஊறிக்கொண்டே இருந்தது, அது பாட்டுக்கு ஊறட்டும்.

ஈரத்தலையைத் துண்டில் முடிந்துகொண்டு அவள் வெளியே வர, ரெங்கநாயகி உள்ளே போனாள். மாடிப்படியில் ஸ்ரீனிவாசராகவன் நடுங்கிக்கொண்டே இறங்கி வந்தார். நெற்றியிலும் காதோரத்திலும் எண்ணெய் வழிந்தது. பழைய துண்டை இழுத்துப் போர்த்துக்கொண்டிருந்தார். பெண்டாட்டியை ஏற இறங்கப் பார்த்தவர், தீபாவளி விடியலில் ஊரே ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்கிற அதையே கேட்டார்.

"என்ன கோதை, கங்கா ஸ்நானம் ஆச்சா?"

கல்யாணமாகி வந்ததிலிருந்து இந்தக் கேள்விக்கு அடுப்படியிலிருந்து ஒரே பதிலைத்தான் சொல்லியிருக்கிறாள். இன்றைக்கும் வாயில் அதுவே பாதி வந்துவிட்டது.

"எங்கே, இனி…" என்றவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

"ஆச்சு!" என்றாள். தெருவுக்கே கேட்டிருக்கும். "பேஷா ஆச்சு! உங்களுக்கு?"

"எங்கே," என்றார் அவர், மூக்கு நுனியில் நின்ற எண்ணெயைத் துடைத்துக்கொண்டு. "இனிமேதான்."